வரிசையில் சேராத லாரி

ஜூன் 16, ஞாயிறு

காலையில் மூன்று இட்லி. மதியம் சாதம் பாதி. முட்டிக்குக் கீழே செயற்கைக் கால் உரசிப் புண்ணான இடத்தில் சிவப்பு குறைந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் கால் மாட்டி வாசல் வரை இரண்டு தடவை நடந்தார்.

டாக்டரம்மா இவ்வளவுதான் எழுதச் சொன்னார். தினமும் நோட்டில் குறித்து மாதம் ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொன்னார். ஆனால் இன்றைக்கு நடந்ததை வேறு எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. இதிலேயே எழுதுகிறேன். காட்டும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளலாம்.

மூன்று மணிக்கு வழக்கம்போலக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எங்கள் மகள் தாரணி ஓசூரிலிருந்து அனுப்பிய பழைய கம்ப்யூட்டர், கூடவே ஒரு ஸ்டீரிங். லாரி ஓட்டும் விளையாட்டு. இருபத்தாறு வருஷம் நிஜ லாரி ஓட்டியவருக்கு இது எதற்கு என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, முன்பு இவரோடு வண்டி ஓட்டிய ஏழெட்டுப் பேர் அவரவர் வீட்டிலிருந்தே அந்த விளையாட்டுக்குள் கூடுவார்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக லாரியை ஓட்டிப் போவார்கள். ஹெட்போனில் பேசிக்கொள்வார்கள். அதற்கு 'வரிசை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருச்செங்கோட்டில் டயர் பட்டறை வைத்திருக்கும் அர்த்தநாரி அண்ணன்தான் வரிசையை நடத்துகிறவர். அவர் ஏற்பாடு செய்திருக்கும் சர்வருக்குள் போனால்தான் மற்றவர்களோடு சேர முடியும்.

வாரம் முழுக்க வீட்டில் பத்து வார்த்தை பேசாத மனுஷன் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் சத்தம் போட்டுச் சிரிப்பார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்று பத்தாவது நிமிஷத்தில் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் திரையில் 'கனெக்‌ஷன் லாஸ்ட்' என்று இருந்தது. மறுபடி உள்ளே போனார். ஐந்து நிமிஷம். மறுபடி அதே.

"ஏனுங்க, நெட்டு போயிருச்சா?"

"வருது, போகுது. அவங்க ஆத்தூர் தாண்டிட்டாங்க. நான் இன்னும் சேலத்துலயே நிக்கறேன்."

ஆறு தடவை முயன்றார். நாலே கால் மணிக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 17, திங்கள்

இட்லி இரண்டு. தூக்கம் சரியில்லை.

தாரணி போனில் சொன்னபடி வைஃபை பெட்டியை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டேன். சரியாகவில்லை. கேபிள் ஆபீசில் புகார் சொல்லியாயிற்று, ஜாபர் வருவார் என்றார்கள்.

இன்று பள்ளிக்கூடத்தில் சமையல் முடித்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது இரண்டு தடவை இவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கூட்டாளியிடம் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு ஓடி வந்தால், போன் சார்ஜில் கிடந்தது, இவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். இவர் போனைச் சார்ஜ் போடுவதும், யார் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பதும் நான்தான். ஆஸ்பத்திரி நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டது.

ஜூன் 19, புதன்

ஜாபர் வந்தார். முப்பது வயதிருக்கும். ஏணி போட்டுத் தென்னை மரத்தோரம் வந்த வயரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார்.

"அக்கா, இங்க பாருங்க. அணில் கடிச்சிருக்கு. இந்த வயர் மேல அதுக்கு அப்படி என்ன ஆசையோ. முழுசா அறுந்திருந்தா நெட்டே வந்திருக்காது. பாதி கடிச்சதால வந்து வந்து போயிருக்கு."

வயரை மாற்றினார். வைஃபை பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக ஒரு வயர் போட்டுக் கொடுத்தார். விளையாட்டுக்கு அதுதான் நிலையாக இருக்குமாம். சாயங்காலம் இவர் தனியாக ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"நல்லாருக்குது" என்றார்.

வெங்காய போண்டா போட்டேன். நாலு சாப்பிட்டார்.

ஜூன் 21, வெள்ளி

தூக்கம் ஏழு மணி நேரம். புண் ஆறிவிட்டது. தானாகவே கால் மாட்டிக்கொண்டார்.

ஜூன் 23, ஞாயிறு

இரண்டரை மணிக்கே சவரம் செய்து சட்டை மாற்றிக்கொண்டார். யாரும் பார்க்கப் போவதில்லை, குரல் மட்டும்தான் கேட்கும். இருந்தாலும் மாற்றிக்கொண்டார்.

மூன்று மணிக்கு அர்த்தநாரி அண்ணன் சர்வரை அழுத்தினார். சக்கரம் சுற்றியது. பிறகு 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தது. போன வாரம் உள்ளே விட்டுப் பிறகு வெளியே தள்ளியது. இன்று வாசலிலேயே மறித்துவிட்டது.

பதினோரு தடவை அழுத்தினார். நான் எண்ணினேன். நடுவில் வேறு யார் யாரோ நடத்தும் சர்வர்களை அழுத்திப் பார்த்தார். எல்லாம் உடனே திறந்தன. ஜாபருக்குப் போன் செய்தேன். அவர் ஆபீசிலிருந்தே ஏதோ பார்த்துவிட்டு, "உங்க லைன் ஜம்முனு இருக்குதுக்கா, ஒரு கொறையும் இல்ல" என்றார்.

அதைக் கேட்டதும் இவர் ஹெட்போனைக் கழற்றினார். அதன் வயரை மெதுவாகச் சுருட்டினார். அது வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து உள்ளே வைத்து மூடினார்.

"எல்லா எடத்துக்கும் போகுது, பூங்கொடி. அர்த்தநாரி எடத்துக்கு மட்டும்தான் போகல."

நான் அட்டைப்பெட்டியை வாங்கி மேசை மேல் வைத்தேன்.

"இன்னும் பத்து நாள்தான் இருக்குது" என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஜூன் 24, திங்கள்

குமரேசன் பெயரை இந்த நோட்டில் எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன்.

அர்த்தநாரி அண்ணனின் தம்பி. இருபத்தொன்பது வயது. இவரோடு இரண்டாவது டிரைவராகப் போய்க்கொண்டிருந்தான். போன வருஷம் ஜூலை மூன்றாம் தேதி ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு புனே போகும் வழியில், கர்நாடகத்தில் ராணிபென்னூர் தாண்டி, விடியற்காலையில், விளக்குப் போடாமல் நின்ற லாரியில் மோதினார்கள். இவர் ஓட்டிக்கொண்டிருந்தார். குமரேசன் அங்கேயே போய்விட்டான். இவருக்கு இடது கால் போனது. நின்ற லாரி மேல்தான் தப்பு என்று போலீஸ் எழுதிக் கேஸ் முடிந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் பழைய டிரைவர் ஒருத்தர் இவரை வரிசையில் சேர்த்துவிட்டார். அர்த்தநாரி அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நடுவுல வா, நல்லு" என்று மட்டும் சொன்னாராம். ரோட்டைப் பற்றிப் பேசுவார்கள், டயரைப் பற்றிப் பேசுவார்கள். குமரேசனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதையே மன்னிப்பு மாதிரி இவர் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இன்று, "ஒரு போன் பண்ணிக் கேட்டிரலாமுங்க" என்றேன்.

"கேட்டு? ஆமா, உன்னத் தடுத்துட்டேன்னு அவன் வாயால சொல்ல வெக்கோணுமா? வருஷம் வருதில்ல. மனசு தாங்கியிருக்காது. தடுத்துட்டான். அவன் எடம், அவன் இஷ்டம்."

"அப்படியெல்லாம் இருக்காது."

"ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் கெடந்தனே, ஒரு தடவ வந்து பாத்தானா? ஒரு போன் வந்துதா? அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கோணும்."

நான் எழுந்துபோய் முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தேன். கீரை நிறைய இருந்தது.

ஜூன் 26, புதன்

காலை ஒரு தோசை. மதியம் இல்லை.

தூக்க மாத்திரை அட்டையை அலமாரியிலிருந்து எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அலமாரியில் எறும்பு வருகிறது. சவரப் பிளேடையும் வைத்தேன். பிளேடுக்கு எறும்பு வராது என்பது எனக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு ராஜாமணி அக்காவிடம், பதினொரு மணிக்கு ஒரு தடவை மோர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மோர் குடிப்பது உடம்புக்கு நல்லது.

ஜூன் 27, வியாழன்

தாரணி கூப்பிட்டாள். நான் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். வீட்டுக்குள் போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது, வடக்கு ஜன்னலில் மட்டும் கொஞ்சம் வரும்.

"அம்மா, இதக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கேபிள் நெட்ட விட்டுட்டு, உன் போன் நெட்டுல கம்ப்யூட்டரப் போட்டு அதே சர்வருக்குப் போய்ப் பாரு. உள்ள விட்டுச்சுன்னா அப்பாவ யாரும் தடுக்கல, நம்ம கேபிள் நெட்டுலதான் ஏதோ இருக்கு."

"விடலைன்னா?"

"விடலைன்னா அப்பா பேரையே தடுத்து வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்மா."

இவரிடம் சொன்னேன். வேண்டாம் என்றார்.

"ரெண்டு நிமிஷ வேலைங்களாம்."

"வேண்டாம் பூங்கொடி. இப்ப வரைக்கும் எனக்கு முழுசாத் தெரியாது. இப்படியே இருக்கட்டும்."

நானும் வற்புறுத்தவில்லை. இவர் சொன்னதால் விட்டுவிட்டேன் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. எனக்கும் அந்தப் பதிலைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஜூன் 28, வெள்ளி

சாப்பிடவில்லை. செயற்கைக் கால் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். சுவிட்சைப் போடவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்தபடி ஸ்டீரிங் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இந்நேரம் கெளம்பியிருப்பாங்க" என்றார்.

நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து துணி மடித்தேன். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தேன்.

"பூங்கொடி, நான் இல்லீன்னா நீ தாரணிகிட்டப் போயிருவதானே? ஓசூர்ல சில்லுனு இருக்கும். உனக்குப் புடிக்கும்."

"எதுக்குங்க இப்ப இந்தப் பேச்சு?"

"சும்மா கேட்டேன்."

சாயங்காலம் குளியலறைத் தாழ்ப்பாளின் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டேன். அது ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நாளாக ஆடுகிறது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

ஜூலை 1, திங்கள்

இவர் மூன்று மணிக்கு ஆட்டோவில் பிசியோதெரபிக்குப் போனதும் தாரணி சொன்ன சோதனையைச் செய்தேன்.

போன் நெட்டில் உள்ளே விட்டது.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பள்ளிக்கூடச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்குப் போவதற்குள் எழுதிவிட்டால் இவரிடம் சொல்லத் தைரியம் வரும்.

நேற்று என் போனை வடக்கு ஜன்னல் கம்பியில் துணி வைத்துக் கட்டினேன். கேபிள் வயரைப் பிடுங்கிவிட்டு, தாரணி எழுதிக்கொடுத்தபடி கம்ப்யூட்டரைப் போன் நெட்டில் சேர்த்தேன். அர்த்தநாரி அண்ணன் சர்வரை அழுத்தினேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இவர் லாரிக்குள் இருந்தேன். முன்னால் ஒரு பெரிய களம், ஓரமாக நாலைந்து லாரிகள். அவ்வளவுதான், யாரும் இவரைத் தடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. என்ன நினைத்தேனோ, ஹெட்போனைப் பெட்டியிலிருந்து எடுத்துச் செருகிக் காதில் மாட்டினேன்.

"நல்லு?"

அர்த்தநாரி அண்ணன் குரல். பட்டறையில் வேலை இல்லாத நேரத்தில் அவரும் உள்ளே இருந்திருக்கிறார்.

"நல்லு, நீதானே? பேரு காட்டுது."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ரெண்டு ஞாயித்துக்கெழம வரல. உடம்புக்கு ஏதாச்சுமோன்னு கெடந்து தவிக்கறேன். ஏன்டா, ஒரு வருஷமா எத்தன தடவ போன் அடிக்கறேன், ஒரு தடவ எடுத்தியா? சரி, பேசப் புடிக்கல போலன்னு விட்டுட்டேன். இதுலயாச்சும் பேசிட்டிருந்த. இப்ப இதுவும் வேண்டாமா?" பிறகு, "நாளான்னிக்கி தம்பிக்கு வருஷம். படையல் போடறோம். உனக்கு வரோணும்னு தோணுனா வா" என்றார்.

கம்ப்யூட்டரை முறையாக அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சுவரில் சுவிட்சைத் தட்டிவிட்டேன்.

இவர் போனில் அந்த நம்பரைத் தடுத்து வைத்தது நான்தான்.

கால் எடுத்த மூன்றாம் நாள். இவர் மயக்கத்தில் இருந்தார். போன் என் கையில் இருந்தது. அர்த்தநாரி அண்ணன் கூப்பிட்டு, நான் ஹலோ சொல்வதற்குள், "என்ற தம்பிய என்னடா பண்ணுன?" என்று கத்தினார். கத்திக்கொண்டே அழுதார். நான் போனை வைத்துவிட்டேன். இதை இவர் கேட்டால் உயிரோடு இருக்க மாட்டார் என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. நம்பரைத் தடுத்தேன். வார்டு வாசலில், வீட்டு ஆள் தவிர யாரையும் விடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். பிறகு வீட்டுக்கு வந்தோம். எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தது உண்டு. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினேன். வரிசையில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் இனிமேல் அவசியமில்லை என்று விட்டுவிட்டேன். அங்கே எல்லோர் காதிலும் விழும். அதனால் இரண்டு பேருமே இதை அங்கே கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

இப்போது வீட்டுக்குப் போகிறேன்.

ஜூலை 2, சாயங்காலம்

சொல்லிவிட்டேன்.

இவர் முழுக்கக் கேட்டார். கடைசியில் போனுக்குக் கை நீட்டினார். தடுத்து வைத்த நம்பரிலிருந்து வரும் மெசேஜ் எல்லாம் தனியாக ஒரு இடத்தில் சேர்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. இவர் தேடி எடுத்தார். முப்பத்தி நாலு இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்றை மட்டும் எனக்குக் காட்டினார். போன வருஷம் ஜூலை இருபதாம் தேதியில் வந்தது.

'மேல விடமாட்டேங்கறாங்க. கீழ டீக்கடையில இருக்கேன். ஒரு நிமிசம் பாத்துட்டுப் போயிடறேன் நல்லு.'

"நீ எனக்காகத்தான் பண்ணுன" என்றார். "அது புரியுது. ஆனா என்னைக் கேட்டிருக்கோணும்."

அதற்குப் பிறகு போனோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ரசம் சாதம் கொண்டுபோய் வைத்தேன், சாப்பிட்டார். பீரோவைத் திறந்து பிளேடைக் கொடுக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். நாளைக்குத் திருச்செங்கோடு போகிறோம், சவரம் செய்ய வேண்டும் என்றார். செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். போ என்று சொல்லவில்லை.

ஜூலை 3, புதன்

பள்ளிக்கு லீவு. பத்து மணிக்குக் காரில் கிளம்பினோம். வழி முழுக்க இவர் தொடை மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார்.

அர்த்தநாரி அண்ணன் தெருவுக்கே வந்து நின்றார். இவர் காரிலிருந்து இறங்க மூன்று நிமிஷம் ஆனது. அவர் உதவிக்கு வரவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம், "வா அம்மிணி" என்றார். நான் போனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "நேத்து நல்லு போன்ல சொல்லிட்டான். வுடு" என்றார். இவர் எப்போது அவரிடம் பேசினார் என்று எனக்குத் தெரியாது.

வீட்டில் குமரேசன் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. இவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, "பட்டறைக்குப் போலாம் வா, பேசோணும்" என்று அண்ணனிடம் சொன்னார். நான் கூடப் போனேன். பட்டறைக்கு விடுமுறை. பழைய டயர் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

"அவன் கேட்டான்டா" என்றார் இவர்.

"யாரு?"

"குமரேசன். தாவணகெரே தாண்டுனதும் கேட்டான். 'அண்ணா, உங்க கண்ணு செவந்து கெடக்குது, நான் ஓட்டறேன்'னான். மூணு தடவ கேட்டான். நான் குடுக்கல."

"ஏன் குடுக்கல?"

"என்னால முடியும்னு நெனச்சேன். கண்ணு ஒரு நொடி மூடிருச்சு. அந்த லாரியில வெளக்கு இல்ல, அது நெசந்தான். ஆனா நான் முழிச்சிருந்தா திருப்பியிருப்பேன்."

என்னிடம்கூட இதை இவர் சொன்னதில்லை. ஒரு வருஷமாக இதை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்திருக்கிறார்.

அர்த்தநாரி அண்ணன் எழுந்தார். என்னைத் தாண்டி வெளியே போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். இவர் டயர் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அடிக்க வருவாரோ என்று நான் ஒரு அடி உள்ளே தள்ளி நின்றேன். வந்தார். வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார்.

"இத எங்கம்மாகிட்டச் சொல்லாத" என்றார்.

"செரி."

"சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பிட்டோம். அவர் எங்களோடு உட்காரவில்லை. கிளம்பும்போது வாசலுக்கும் வரவில்லை.

ஜூலை 5, வெள்ளி

ஜாபர் வந்தார். போன் நெட்டில் போகிறது, உங்கள் நெட்டில் போகவில்லை என்று நான் சொன்னதை வைத்து இரண்டு நாளாக விசாரித்தாராம்.

"அக்கா, நம்ம பக்கத்துல நாப்பது அம்பது வீடு இருக்குதில்ல, எல்லாரு நெட்டும் வெளிய போறப்ப ஒரே நம்பர்லதான் போகும். எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு நம்பர் மாதிரி வெச்சுக்கங்க. அதுல எவனோ ஒருத்தன் அந்த வெளையாட்டுல தில்லுமுல்லு பண்ணியிருக்கான். அந்த அண்ணனோட சர்வர்ல பாதுகாப்புக்கு ஒண்ணு போட்டிருக்காங்க. அது ஆளப் பாக்காது, நம்பரப் பாக்கும். அந்த நம்பரையே தானா அடைச்சிருச்சு. எவனோ செஞ்சதுக்கு நம்மண்ணனும் மாட்டிக்கிட்டாரு."

"அர்த்தநாரி அண்ணனுக்குத் தெரியாதா?"

"அவருக்கு எங்கக்கா தெரியும்? அது தானா நடக்கறது."

எங்கள் வீட்டுக்கு மட்டும் தனி நம்பர் போட்டுக் கொடுத்தார். சர்வரை அழுத்தியதும் திறந்தது. "பாத்தீங்களாண்ணா" என்று ஜாபர் சிரித்தார். இவரும் கொஞ்சம் சிரித்தார். உடனே வெளியே வந்துவிட்டார்.

"ஓட்டிப் பாருங்களேன்" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

ஜூலை 7, ஞாயிறு

மூன்று மணிக்குப் போனார். எல்லோரும் வந்திருந்தார்கள், அர்த்தநாரி அண்ணன் மட்டும் வரவில்லை. வேறொருத்தர் முன்னால் போனார். ஒரு மணி நேரத்தில் இவர் கழற்றி வைத்துவிட்டார்.

"பட்டறையில வேல இருந்திருக்கும்" என்றேன்.

இவர் ஹெட்போன் வயரைச் சுருட்டினார். என்னிடம் பேசுகிறார், ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நானும் கேட்கவில்லை. இவர் போன் இப்போது இவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

அர்த்தநாரி அண்ணன் கூப்பிட்டார். இவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். நான் கேட்க வேண்டும் என்றுதான் போட்டார் என்று நினைக்கிறேன்.

"நல்லு, அந்த எடத்த நான் பாத்ததே இல்ல. பாடிய ஆஸ்பத்திரியில வாங்கிட்டு நேரா வந்துட்டேன். சனிக்கெழம கார் எடுத்துட்டு வர்றேன். நீ வந்து எடத்தக் காட்டு."

"செரி" என்றார் இவர்.

"கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

ஜூலை 13, சனி

விடியற்காலை நாலு மணிக்குக் கார் வந்தது. இவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். நானும் வருகிறேன் என்று நேற்றே கேட்டேன், வேண்டாம் என்றார். தண்ணீர், மாத்திரை, மாற்றுக் கட்டுத்துணி, எலுமிச்சைச் சாதம் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அர்த்தநாரி அண்ணன் வண்டியை எடுக்கும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். தும்கூர் வந்துகொண்டிருக்கிறோம் என்றார். பதினோரு மணிக்கு எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. தாரணிக்குப் போன் செய்தேன், அவளுக்கும் கிடைக்கவில்லை. ராஜாமணி அக்கா வந்து கூட உட்கார்ந்தாள். என்ன பேசினாள் என்று நினைவில்லை. இரண்டு பேர் மட்டும் அந்த இடத்தில். அவருக்குக் கோபம் போகவில்லை. இவருக்கோ ஒரு மாதமாக மனசு ஒரு நிலையில் இல்லை. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். நான் போக விட்டிருக்கக் கூடாது என்று பத்து தடவை நினைத்தேன். மொட்டை மாடிக்குப் போவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

இரண்டு நாற்பதுக்கு இவரே கூப்பிட்டார். பின்னால் லாரிகள் போகும் இரைச்சல்.

"வந்து சேந்துட்டோம். ரோட்டோரம் ஒரு வேப்பமரம் இருக்குது, அதுக்குப் பக்கத்துலதான். அர்த்தநாரி கீழ உக்காந்திருக்கான். அழுதுட்டிருக்கான்."

"நீங்க?"

"நானும் உக்காரப் போறேன்."

கால் போன நாளிலிருந்து இவர் தரையில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தால் தானாக எழ முடியாது. ஒரு தடவை வழுக்கி விழுந்தபோது நானும் ராஜாமணி அக்காவும் சேர்ந்துதான் தூக்கினோம். அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தார்.

"கீழ உக்காந்தா எப்படிங்க எந்திரிப்பீங்க?" என்றேன்.

"அதான் அர்த்தநாரி இருக்கானே" என்றார்.